ஒளியே வா! வெப்பமே நில்!

முகம் பார்ப்பதும் கண்ணாடி. ஜன்னலில் பதிப்பதும் கண்ணாடி. ஆங்கிலத்தில் இவ்விரண்டுக்கும் வேறு வேறு பெயர்கள் உண்டு. தமிழிலோ ஒரே சொல்தான். ஆனால் வேலையைப் பார்த்தால் இரண்டும் நேர் எதிரானவை. முன்னது தன் மேல் படும் ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. பின்னது உள்ளே விடுகிறது. இவ்விரு வேலைகளையும் ஒரே சமயத்தில் செய்யும் ஒரு கண்ணாடி இன்று பெரிய கட்டிடங்களில் பதிக்கப்படுகிறது. ஒளிக்கு அது ஜன்னல். வெப்பத்துக்கு அது முகம் பார்க்கும் கண்ணாடி! நம் முன்னோர் இதை அன்றே அறிந்துதான் ஒரே பெயரிட்டனர் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. ஆயினும் பெயர் நன்றாகவே பொருந்தியிருக்கிறது.

இந்த விந்தை எவ்வாறு நிகழ்கிறது என்பதை அறிய, முதலில் வெயிலைப் பற்றிச் சிறிது தெரிந்துகொள்ள வேண்டும். 1800-ஆம் ஆண்டில் வில்லியம் ஹெர்ஷல் என்னும் வானியல் அறிஞர் சூரிய ஒளியை ஒரு முப்பட்டகத்தின் வழியே செலுத்தி, அதை வானவில்லின் நிறங்களாகப் பிரித்தார். ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானியை வைத்துப் பார்த்தார். சிவப்பு நிறத்துக்கு அப்பால், கண்ணுக்கு எந்த ஒளியும் தெரியாத இடத்தில் வைத்தபோது வெப்பமானி இன்னும் அதிகமாக ஏறிற்று. நாம் இன்று பாடத்தில் படிக்கும் அகச்சிவப்புக் கதிர்கள் இவையே. வெயிலின் ஆற்றலில் ஏறத்தாழப் பாதி இக்கதிர்களாகவே வருகிறது. கண்ணுக்குத் தெரியும் ஒளி பாதிக்குச் சற்றுக் குறைவு. மீதி உள்ள சிறு பங்கு புற ஊதாக் கதிர்கள்.

ஆக, வெயிலில் ஒளியும் வெப்பமும் இரட்டைப் பிள்ளைகளைப் போலக் கைகோத்து வருகின்றன. சாதாரணக் கண்ணாடி இரண்டையும் தடுக்காமல் உள்ளே விட்டுவிடும். உள்ளே வந்த வெயில் தரையையும் மேசையையும் சுட வைக்கிறது. சூடேறிய தரையும் தன் பங்குக்கு அகச்சிவப்புக் கதிர்களை வெளியிடுகிறது. ஆனால் இவை அலைநீளம் மிகுந்தவை. கண்ணாடியைத் தாண்டி அப்படியே வெளியே செல்ல இவற்றால் இயலாது. சூடான காற்றுக்கும் வெளியேற வழியில்லை. வெயிலில் நிறுத்தி வைத்த காரின் கதவைத் திறந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை அன்றோ?

குளிர் நாடுகளில் இது ஒரு வரப்பிரசாதம். செடி கொடிகளைக் கண்ணாடி வீட்டுக்குள் வைத்து அங்கு வளர்த்தார்கள். 1851-இல் லண்டன் ஹைட் பூங்காவில், ஏறத்தாழ மூன்று லட்சம் கண்ணாடிப் பலகைகளைக் கொண்டு எழுப்பப்பட்ட பளிங்கு மாளிகையை வடிவமைத்தவர் ஜோசப் பாக்ஸ்டன். அவர் செடிகளுக்குக் கண்ணாடி வீடு கட்டிப் பழகிய ஒரு தோட்டக்காரர்! அம்மாளிகையைக் கண்டு உலகமே வியந்தது. செடிகளுக்கும் பொருட்காட்சிக்கும் கண்ணாடி வீடு கட்டலாமெனில், மனிதர்கள் இரவும் பகலும் தங்குவதற்கும் கட்டலாமே என்ற ஆசை பின்வந்த கட்டிடக் கலைஞர்களுக்கு உண்டாயிற்று. அந்த ஆசை பாரிஸ் நகரில் என்ன ஆயிற்று என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறோம்.

பாரிஸில் இரட்சணிய சேனையார் வீடற்ற ஏழைகளுக்காகப் பெரியதோர் இல்லம் கட்ட முற்பட்டனர். அதற்குப் பெருந்தொகை கொடுத்தவர் போலினாக் இளவரசி. இவர் தையல் இயந்திரம் செய்து பெரும் பொருள் ஈட்டிய ஐசக் சிங்கரின் மகள். ஆம், நம் பாட்டிமார் காலால் மிதித்துத் துணி தைத்த அதே சிங்கர் மிஷின்தான்! இல்லத்தை வடிவமைக்கும் பொறுப்பு புகழ்பெற்ற கட்டிடக் கலைஞர் லெ கார்புசியேவிடமும், அவருடைய உறவினர் பியர் ழான்னரேயிடமும் ஒப்படைக்கப்பட்டது. இல்லத்துக்கு 'சிதே த ரெஃபியூஜ்' என்று பெயர். 'அடைக்கல நகரம்' என்பது அதன் பொருள்.

ஏழைகளுக்கும் நல்ல வெளிச்சம் கிடைக்க வேண்டும் என்று லெ கார்புசியே விரும்பினார். ஆகவே தெற்குப் பக்கம் முழுவதையும் ஒரே கண்ணாடிச் சுவராக அமைத்தார். அச்சுவரில் திறக்கக்கூடிய ஜன்னல் ஒன்றுகூடக் கிடையாது. அவர் மனத்தில் ஒரு பெரிய திட்டம் இருந்தது. கண்ணாடியை இரண்டு அடுக்காக வைத்து, குளிர்காலத்தில் சூடான காற்றையும் கோடையில் குளிர்ந்த காற்றையும் அவற்றின் இடையே ஓடவிட வேண்டும். அப்படிச் செய்தால் உள்ளே எப்போதும் 18 டிகிரி வெப்பமே நிலவும். உலகத்தின் எல்லா நாடுகளுக்கும் இப்படி ஒரே மாதிரியான வீடு போதும் என்பது அவருடைய கனவு.

கனவு பெரிது, கையிருப்புச் சிறிது. இரண்டு அடுக்குக்குப் பதில் ஒரே அடுக்குக் கண்ணாடிதான் போட முடிந்தது. குளிரூட்டும் இயந்திரம் வாங்கப்படவே இல்லை. 1933 டிசம்பரில் இல்லம் திறக்கப்பட்டது. வெளியே கடுங்குளிர், உள்ளே இதமான வெதுவெதுப்பு. எல்லாரும் மகிழ்ந்தனர். அடுத்து வந்த கோடையில் அதே இல்லம் அடுப்பாக மாறியது! தெற்கு வெயில் முழுவதும் கண்ணாடி வழியே உள்ளே இறங்கியது. திறப்பதற்கு ஒரு ஜன்னல் இல்லை. அங்கே தங்கியிருந்தவர்களில் கைக்குழந்தைகளோடு வந்த தாய்மார்களும் இருந்தனர். வேறு போக்கிடம் இல்லாமல் அடைக்கலம் தேடி வந்தவர்கள் எங்கே எழுந்து போவார்கள்?

ஜன்னல் வைக்க லெ கார்புசியே எளிதில் இசையவில்லை. தம் திட்டத்தை முழுமையாக நிறைவேற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்றே வாதாடினார். கடைசியில் அதிகாரிகளின் வற்புறுத்தலால் திறக்கக்கூடிய ஜன்னல்கள் வைக்கப்பட்டன. இரண்டாம் உலகப் போரில் கண்ணாடிச் சுவர் சிதைந்தது. பிறகு அதைச் செப்பனிட்டபோது, வெயிலை மறைக்கும் கான்கிரீட் தடுப்புகள் வெளிப்புறத்தில் பொருத்தப்பட்டன. எங்கள் எண்ணத்தில், அவர் கணக்கில் பெரிய பிழை இல்லை; ஆனால் பாதித் திட்டத்தை மட்டும் செய்துவிட்டு அதன் உள்ளே முழு மனிதர்களைக் குடிவைத்ததுதான் பிழை. 1950-களில் நமது சண்டிகர் நகருக்கு அவர் வரைந்த உயர்நீதிமன்றத்தையும் தலைமைச் செயலகத்தையும் பார்த்தால், வெயிலைத் தடுக்கும் ஆழமான கான்கிரீட் கட்டங்களே முகப்பு முழுவதும் இருக்கும். எல்லா நாட்டுக்கும் ஒரே வீடு என்றவர், பஞ்சாப் வெயிலுக்கென்று வேறு வீடு கட்டினார்.

மற்றவர்கள் இவ்வளவு பொறுமை காட்டவில்லை. அமெரிக்காவில் ஏர்கண்டிஷன் வந்துவிட்டது. எண்ணெயும் மின்சாரமும் மலிவு. வெயில் உள்ளே வந்தால் என்ன, இயந்திரத்தை ஓடவிட்டால் போயிற்று! நியூயார்க்கில் 1952-இல் கட்டி முடித்த லீவர் ஹவுஸ் கண்ணாடி மூடிய கட்டிடம். அதிலும் ஜன்னல் திறக்காது. 1959-இல் இங்கிலாந்தின் பில்கிங்டன் நிறுவனம் ஒரு புதிய முறையை அறிவித்தது. உருகிய வெள்ளீயத்தின் மேல் உருகிய கண்ணாடியை மிதக்கவிட்டால், தண்ணீரில் எண்ணெய் பரவுவது போலச் சமமாகப் பரவி, தேய்த்து மெருகேற்றும் வேலையே இல்லாமல் வழவழப்பான பலகை கிடைத்துவிடும். இதைக் கண்டவர் அலஸ்டேர் பில்கிங்டன். கண்ணாடி மலிந்தது, உலகெங்கும் கண்ணாடிக் கோபுரங்கள் எழுந்தன. நம் ஸ்ரீபெரும்புதூரில் 2000-ஆம் ஆண்டு தொடங்கிய செயின்ட் கோபைன் தொழிற்சாலையிலும் கண்ணாடி வெள்ளீயத்தின் மேல் மிதந்துதான் பிறக்கிறது.

1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தின. சில மாதங்களுக்குள் எண்ணெய் விலை ஏறத்தாழ நான்கு மடங்காயிற்று. அப்போதுதான் ஜன்னல் வழியே எவ்வளவு பணம் வெளியேறுகிறது என்று எல்லாரும் கணக்குப் பார்க்கத் தொடங்கினர். அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்தில் 1976-இல் ஜன்னல்களுக்கென்றே ஓர் ஆராய்ச்சி தொடங்கியது. ஸ்டீபன் செல்கோவிட்ஸ் என்பவர் அதை நடத்தினார். ஜன்னலுக்கு ஆராய்ச்சியா என்று சிரிக்கத் தோன்றும். ஆனால் நாம் கொண்டாடும் கண்ணாடிக்கு வழி திறந்தது இத்தகைய ஆராய்ச்சிதான்.

அந்தக் கண்ணாடியைப் புரிந்துகொள்ள நம் வீட்டு பிளாஸ்க்கைப் பார்த்தால் போதும். ஆஸ்பத்திரியில் இருப்பவருக்கு வெந்நீரோ காபியோ கொண்டு செல்வோமே, அதே பிளாஸ்க்தான். 1892-இல் ஜேம்ஸ் டூவார் என்னும் விஞ்ஞானி கண்டது. அதன் உள்ளே இரண்டு கண்ணாடிச் சுவர்கள். இடையில் காற்று இல்லை. சுவரின் மேல் வெள்ளி பூச்சு. இடைவெளி வெப்பம் கடத்தப்படுவதைத் தடுக்கிறது; வெள்ளி கதிர்வீச்சைத் திருப்பி அனுப்புகிறது. ஜன்னலையும் இப்படிச் செய்தால் என்ன? இரண்டு அடுக்குக் கண்ணாடி பழைய யோசனைதான்; தாமஸ் ஸ்டெட்சன் என்பவர் அமெரிக்காவில் 1865-லேயே அதற்குக் காப்புரிமை பெற்றுவிட்டார். சங்கடம் வெள்ளியில்தான் இருந்தது. வெள்ளி பூசினால் வெளியே பார்க்க முடியாதே!

முடியும், போதிய அளவு மெல்லியதாகப் பூசினால். ஏறத்தாழ 10 நானோமீட்டர் கனமே உள்ள வெள்ளிப் படலம் ஒளியைப் பெரும்பாலும் விட்டுவிடும். அகச்சிவப்புக் கதிர்களை மட்டும் திருப்பிவிடும். நம் தலைமயிர் ஒன்றின் கனத்தில் சில ஆயிரத்தில் ஒரு பங்குதான் இது! எந்தத் தூரிகையாலும் இவ்வளவு மெல்லியதாகப் பூச இயலாது. காற்று நீக்கிய பெரிய அறைக்குள் கண்ணாடியைச் செலுத்துகிறார்கள். அங்கே வெள்ளித் தகடு ஒன்றின் மீது ஆர்கான் வாயுவின் மின்னேற்றம் பெற்ற அணுக்கள் வேகமாக மோதும். கேரம் பலகையில் ஸ்டிரைக்கர் பட்டதும் காய்கள் சிதறுவதுபோல, தகட்டிலிருந்து வெள்ளி அணுக்கள் சிதறிவந்து கண்ணாடியின் மேல் படியும்.

வெள்ளிக் கொலுசு நாளடைவில் கறுத்துப்போவதை நாம் அறிவோம். இவ்வளவு மெல்லிய படலம் வெளிக்காற்றில் நெடுநாள் தாங்காது. ஆகவே வெள்ளிக்குக் கீழும் மேலும் உலோக ஆக்சைடு படலங்களைப் பூசுகிறார்கள். பிறகு இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே, பூசிய பக்கம் உட்புறமாக இருக்கும்படி வைத்து ஓரங்களை அடைத்துவிடுகிறார்கள். இடைவெளியில் காற்றுக்குப் பதில் ஆர்கானை நிரப்புவதும் உண்டு. அது காற்றைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவாகவே வெப்பத்தைக் கடத்தும்.

பலன் என்ன? உள்ளுக்கும் வெளிக்கும் ஒரு டிகிரி வித்தியாசம் இருந்தால், ஒரு சதுர மீட்டர் ஒற்றைக் கண்ணாடி வழியே 5.8 வாட் வெப்பம் கடந்து செல்லும். இரட்டைக் கண்ணாடியில் 2.8 வாட். வெள்ளி பூசி ஆர்கானும் அடைத்துவிட்டால் 1.1 வாட்தான்.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. இது எங்களுக்கு மிகவும் பிடித்தது. குளிர் நாட்டார் தங்கள் அறையின் வெப்பத்தை வெளியே விடாமல் காக்க விரும்புவர். ஆகவே அவர்கள் உள்பக்கத்துக் கண்ணாடியின் மீது பூசுவர். வெயில் நாட்டாராகிய நமக்கோ வெப்பம் உள்ளேயே வரக்கூடாது. நாம் வெளிப்பக்கத்துக் கண்ணாடியின் உட்புறத்தில் பூச வேண்டும். படலங்களின் எண்ணிக்கையும் மாறும். மூன்று முறை வெள்ளி பூசிய இரட்டைக் கண்ணாடி ஒன்று, ஒளியில் 60 பங்குக்கு மேல் உள்ளே விட்டு, வெயிலின் மொத்த வெப்பத்தில் 27 பங்கை மட்டும் அனுமதிக்கும். சாதாரண ஒற்றைக் கண்ணாடியோ 80 பங்குக்கு மேல் உள்ளே விட்டுவிடும். எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகும் ஒருவர் எல்லா நாட்டுக்கும் ஒரே கண்ணாடி என்று சொல்வாரானால் அவரை நம்ப வேண்டாம்.

பளபளக்கும் கண்ணாடி எல்லாம் நல்ல கண்ணாடி என்று எண்ணிவிடவும் கூடாது. திருப்பி அனுப்பிய வெயில் எங்கேயோ போய் விழத்தானே வேண்டும்! லண்டனில் ஃபென்சர்ச் தெருவில் எழுந்த 37 மாடிக் கட்டிடம் ஒன்றின் முகப்பு உட்குழிந்த வடிவம் கொண்டது. குழியாடி ஒளியைக் குவிக்கும் என்று நாம் பௌதிகத்தில் படிக்கிறோம். 2013-இல் அது தெருவில் நின்ற ஒரு காரின் மேல் வெயிலைக் குவித்து, அதன் சில பாகங்களை உருக்கிவிட்டது! பிறகு அங்கும் வெயில் மறைப்புகள் பொருத்தினார்கள்.

புதுக் கட்டிடங்களுக்கு நல்ல கண்ணாடி போடலாம். ஏற்கெனவே நிற்கும் கட்டிடங்களை என்ன செய்வது? இதற்கு நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டிடத்தில் செய்த வேலை ஓர் அருமையான விடை. 1931-இல் கட்டப்பட்ட அதில் 6,514 ஜன்னல்கள் உள்ளன. 2010-இல் அவை அனைத்தும் புதுப்பிக்கப்பட்டன. புதுக் கண்ணாடி வாங்கிப் பழையதைக் குப்பையில் போட்டிருக்கலாம். அவ்வாறு செய்யவில்லை. அக்கட்டிடத்தின் ஐந்தாவது மாடியிலேயே ஒரு பட்டறை அமைத்தார்கள். ஜன்னல்களைக் கழற்றி அங்கே கொண்டுவந்து, இரட்டைக் கண்ணாடிகளைப் பிரித்துக் கழுவினார்கள். நடுவே வெப்பத்தைத் திருப்பும் மெல்லிய படலத் தாள் ஒன்றை இழுத்துக் கட்டி, வாயு நிரப்பி, மீண்டும் அடைத்து, பழைய இடத்திலேயே பொருத்தினார்கள். 1981-இல் விற்பனைக்கு வந்த தாளின் வழிவந்ததுதான் இது. பழைய கண்ணாடியில் 96 சதவீதம் மறுபடியும் பயன்பட்டது. வெப்பத்தைத் தடுக்கும் திறனோ ஏறத்தாழ மூன்று மடங்காயிற்று. விளக்கு, குளிரூட்டும் இயந்திரம் முதலிய மாற்றங்களோடு சேர்த்து, கட்டிடத்தின் எரிசக்திச் செலவை 38 சதவீதம் குறைப்பது அவர்கள் திட்டம். பழைய புடவையைப் பிரித்துத் தலையணை உறை தைக்கும் நம் வீட்டுச் சிக்கனம் நினைவுக்கு வருகிறதல்லவா?

இன்னும் புதியவை பல உள்ளன. பிளாஸ்க்கைப் போலவே இடையில் காற்றையே எடுத்துவிட்ட வெற்றிடக் கண்ணாடியை ஆஸ்திரேலியாவின் சிட்னி பல்கலைக்கழகத்தில் 1989-இல் செய்து காட்டினார்கள். இரண்டு பலகைகளுக்கும் இடையே 0.2 மில்லிமீட்டர்தான் இடைவெளி. வெளிக்காற்று ஒரு சதுர மீட்டருக்குப் பத்து டன் பாரமாக அழுத்துமே, பலகைகள் ஒட்டிக்கொள்ளாவா? ஒட்டாமல் இருக்கக் கண்ணுக்கு எளிதில் தெரியாத சிறு சிறு தூண்களை நிறுத்தினார்கள்.

நிறம் மாறும் கண்ணாடியும் உண்டு. டங்ஸ்டன் ஆக்சைடு படலத்தில் சிறிதளவு மின்சாரம் பாய்ந்தால் அது நீலமாக மாறும் என்பதை 1969-இல் சத்யேந்திர டெப் என்னும் விஞ்ஞானி வெளியிட்டார். இன்று போயிங் 787 விமானத்தில் ஜன்னலுக்குத் திரை கிடையாது. பொத்தானை அழுத்தினால் கண்ணாடியே கறுக்கும். கட்டிடங்களுக்கும் இவ்வகைக் கண்ணாடி வந்துவிட்டது. விலைதான் எட்டாத உயரத்தில் நிற்கிறது.

ஆயினும் எந்தக் கண்ணாடியாலும் மீற முடியாத எல்லை ஒன்று உண்டு. வெயில் ஆற்றலில் பாதிக்குச் சற்றுக் குறைவு ஒளியே என்று முன்பு பார்த்தோம். உள்ளே வந்து மேசை மேலும் தரை மேலும் விழுந்த ஒளி என்ன ஆகிறது? அதுவும் வெப்பமாகவே மாறிவிடுகிறது. ஆகவே அகச்சிவப்புக் கதிர்களை முழுவதும் தடுத்தாலும், ஒளி வருமட்டும் அதன் பின்னே வெப்பமும் வரும். இரட்டைப் பிள்ளைகளை முற்றிலும் பிரிக்க விஞ்ஞானத்தாலும் இயலாது. ஆகவே வெயில் நாட்டில் முழுக் கண்ணாடிக் கோபுரம் கட்டிவிட்டு, விலையுயர்ந்த கண்ணாடி போட்டிருக்கிறோம் என்று பெருமை கொள்வதில் பெரிய அர்த்தம் இருப்பதாக எங்களுக்குத் தோன்றவில்லை. உலகெங்கும் 160 கோடி ஏர்கண்டிஷன்கள் உள்ளன என்றும், 2050-இல் அவை 560 கோடி ஆகலாம் என்றும் சர்வதேச எரிசக்தி முகமை 2018-இல் கணக்கிட்டது. அவ்வளவு இயந்திரங்களும் அறையின் சூட்டைத் தெருவில்தான் கொட்டும். தெருவில் நடப்பவர்களுக்கு ஏர்கண்டிஷன் கிடையாது.

நம் நாட்டில் பெரிய கட்டிடங்களின் எரிசக்திச் சிக்கனத்துக்காக 2007-இல் ஒரு விதித்தொகுப்பு வெளியாயிற்று. சென்னை போன்ற வெக்கையும் புழுக்கமும் உள்ள ஊர்களில், ஜன்னல் கண்ணாடி வெயில் வெப்பத்தில் நூற்றுக்கு 25 பங்குக்கு மேல் உள்ளே விடலாகாது என்று அதில் ஒரு வரம்பு இருந்தது. அதே விதியில் ஒரு சலுகையும் சேர்த்திருந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே நிழல் தரும் அமைப்பு இருந்தால், அது எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்று அளந்து, கண்ணாடியின் கணக்கில் அதற்கும் இடம் தருவார்கள். நம் ஊர்க் கொத்தனார் ஒவ்வொரு ஜன்னலுக்கு மேலும் இரண்டடிக்குப் போடுகிறாரே, அந்தச் சன்ஷேடும் இந்தக் கணக்கில் சேரும்.